எண்பது டிரம் மாமியார்

கப்பலில் ஏறாமலே வாந்தி எடுக்கிறவள் என்று ஷாஹிந்தாவுக்குத் தொழிற்சாலையில் பெயர். சொல்கிறவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். எண்பது டிரம் ரசாயனத்தை ஓர் இரும்புப் பெட்டிக்குள் அடைத்து, ‘இது கடலில் பத்திரமாகப் போகும், நான் பொறுப்பு’ என்று கையெழுத்துப் போடுவது அவள் வேலை. எதற்கும் பயப்படாத ஒருத்தியை அந்த நாற்காலியில் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று கேலி பேசிய ஒருத்தருக்காவது யோசிக்கத் தோன்றியதா என்றால், இல்லை.

அந்த ஆகஸ்டு மாதச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, அலெக்சாந்திரியா அலுவலகத்தில், மொம்பாசாவுக்குப் போகிற சரக்கின் கோப்பை முடித்துக்கொண்டிருந்தாள். பெட்டி துறைமுகத்துக்குப் போய் ஐந்து நாள் ஆகியிருந்தது. கப்பல் மாலை ஐந்து மணிக்குக் கிளம்புகிறது. டிரம்களை நிரப்பியபோது எடுத்த படங்களைக் கோப்பில் சேர்ப்பது ஒன்றுதான் பாக்கி. நிரப்பும் கூடத்தின் மேஸ்திரி உஸ்தா பெகீத் வேலையில் புலி, படம் அனுப்புவதில் ஆமை. பத்து நாள் கழித்து, அன்று காலைதான் பதினெட்டுப் படங்களைச் சேர்த்து அனுப்பியிருந்தார்.

பதினொன்றாவது படத்தில் ஒரு டிரம்மின் வாய்க்குள் மெல்லிய கறுப்புக் குழாய் ஒன்று இறங்கியிருந்தது. அந்தக் குழாய்க்கு அங்கே வேலையே கிடையாது. ஷாஹிந்தா போனை எடுத்தாள்.

“உஸ்தா, ஒரு படத்துல கறுப்பா ஒரு குழாய் தெரியுதே, அது என்னது?”

“பாத்துட்டியாம்மா?” பெகீத்தின் குரலில் பெருமை வழிந்தது. “நைட்ரஜன். போன மாசம் நம்ம கூடத்துக்கும் லைன் இழுத்தாங்கல்ல, அதான். டிரம்முல மேல நிக்கிற காத்தையெல்லாம் விரட்டிட்டு, நைட்ரஜனை நிரப்பித்தான் மூடியிருக்கேன். எண்பதுக்கும் நானே கூட நின்னேன்.”

“யாரு உங்களைச் செய்யச் சொன்னா?”

“இதுக்கு ஒருத்தர் சொல்லணுமா? நீ ஒவ்வொரு தடவையும் கப்பல் போய்ச் சேர்ற வரைக்கும் தூங்க மாட்டேங்கிற. மூணு வேளையும் போன் பண்ணி என் உயிரை எடுக்கிற. இந்தத் தடவையாவது பொண்ணு நிம்மதியாத் தூங்கட்டும்னுதான் ரெண்டு நாள் கூடுதலா மெனக்கெட்டேன்.”



அந்தச் சரக்குக்குத் தொழிற்சாலையில் மாமியார் என்று பெயர். பசை செய்கிறவர்கள் வாங்குகிற அக்ரிலேட் திரவம். பார்க்கத் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும், ஆனால் சும்மா இருக்கத் தெரியாது. தனக்குள்ளேயே ஒட்டி இறுகப் பார்க்கும். இறுகினால் சூடாகும், சூடானால் இன்னும் வேகமாக இறுகும். கைமீறிப் போய்விட்டால் டிரம் வெடித்துத் தீப்பிடிக்கும். அந்தக் கோபத்தை அடக்கிவைக்க அதில் கொஞ்சம் காவல் மருந்து கலப்பார்கள். அந்த மருந்துக்குக் காற்று வேண்டும். டிரம்மில் பத்தில் ஒரு பங்கைக் காலியாக விட்டு, அந்த இடத்தில் நாம் சுவாசிக்கிற சாதாரணக் காற்று இருந்தால்தான் அது வேலை செய்யும். காற்றை எடுத்துவிட்டால் மருந்து இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

தொழிற்சாலையின் மற்ற சரக்குகளுக்கெல்லாம் காற்றுதான் எதிரி. காற்றை உள்ளே விடாதே, விடாதே என்று இருபத்தைந்து வருஷம் கேட்டுப் பழகிய மனிதர் பெகீத். அக்கறை கூடிப்போய், பார்த்துப் பார்த்து, ஒரு டிரம்கூடத் தப்பாமல் எண்பதுக்கும் காவலைப் பிடுங்கிவிட்டிருந்தார்.

“நான் குடுத்த தாளைப் படிக்கலையா உஸ்தா? மாமியாருக்குக் காத்து வேணும்னு அதுல இருக்குமே.”

“இரு, செவுத்துலதான் ஒட்டியிருக்கு.” செருப்புச் சத்தம் போய் நின்றது. “ஒம்பது பங்கு நிரப்பு. வெயில்ல வைக்காதே. மூடியை இறுக்கு. லேபிள் ஒட்டு. அவ்வளவுதாம்மா இருக்கு. காத்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்லியே.”

இருக்காது. இரண்டு பக்கமாக இருந்த தாளை ஜூன் மாதம் ஒரே பக்கமாகச் சுருக்கியவள் ஷாஹிந்தாதான். இரண்டாம் பக்கத்தை ஒருத்தரும் திருப்பிப் பார்ப்பதில்லை என்று அவளுக்குக் கோபம். ‘மேலே காற்று நிற்க வேண்டும்’ என்ற வரியைப் பார்த்தபோது, இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று அடித்துவிட்டாள். அன்றைக்கு அந்தக் கூடத்தில் நைட்ரஜன் குழாயே கிடையாது. குழாய் வந்த பிறகு தாளை எடுத்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. ஊருக்கெல்லாம் சேர்த்துப் பயப்படுகிறவள் தன் கையால் ஒரு வரியை அடித்ததற்குப் பயப்படவில்லை.

“என்னம்மா, தப்பாயிடுச்சா?” பெகீத்தின் குரல் இறங்கிவிட்டது.

“அப்புறம் பேசறேன் உஸ்தா.”

ஆகஸ்டில் செங்கடல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கப்பலின் மேல்தளத்தில் இரும்புப் பெட்டிக்குள் அறுபது டிகிரி வரை ஏறும். மொம்பாசாவுக்குப் பன்னிரண்டு நாள். கடலில் பெட்டி பற்றிக்கொண்டால் கப்பலில் இருக்கிறவர்கள் எங்கே ஓடுவார்கள்?

முதலாளி வகீஹ் பேவைப் போனில் கூப்பிட்டாள்; ‘பே’ என்பது அங்கே ‘ஐயா’ மாதிரி. மனிதர் கேட்டார், பொறுமையாகத்தான் கேட்டார்.

“நைட்ரஜன் போட்டதால ஆபத்தா? ஷாஹிந்தா, உனக்கு உடம்பு சரியில்லையா?”

“மத்த சரக்குக்கெல்லாம் நல்லது பே. இதுக்கு மட்டும் ஆகாது. பெட்டியை இறக்கணும்.”

“போன வருஷம் பூரா நைட்ரஜன் லைன் வேணும், லைன் வேணும்னு என்னை அரிச்சது யாரு? நீதானே? போட்டுக் குடுத்தா இப்ப அதையே வில்லன்ங்கிற. நாளைக்குத் தண்ணி ஆபத்துன்னு வந்து நிப்ப.”

“பன்னெண்டு நாள் வெயில்ல கிடக்கப் போகுது பே.”

“இங்க பத்து நாளாக் கிடக்கு, என்ன ஆச்சு? கப்பல் போகட்டும். வாங்கறவன் அங்க திறந்து காத்து விட்டுக்கட்டும்.”

போன் வைக்கப்பட்டது. மணி பன்னிரண்டு. டாக்ஸி பிடித்துத் துறைமுகத்துக்குப் போனாள். கடற்கரைச் சாலை நெடுக வண்டிகள் அடைத்து நிற்க, டாக்ஸிக்காரர் ரேடியோவில் பந்தாட்டம் கேட்டுக்கொண்டு சாவகாசமாக ஓட்டினார். அவரை ஓங்கி ஒரு அறை விடலாம் போல அவளுக்கு இருந்தது.

கப்பல் கம்பெனியில் ஆபத்தான சரக்குகளைக் கவனிக்கிறவன் மித்ஹத். நல்லவன், சோம்பேறி. ஃபூல் என்கிற பயற்று மசியல் திணித்த ரொட்டியைக் கடித்துக்கொண்டு கணினியைப் பார்த்தான்.

“உங்க பெட்டி பதினொண்ணரைக்கே ஏறிடுச்சே. அதுக்கு மேல மூணு பெட்டியும் வெச்சாச்சு. உக்காருங்க, டீ சொல்றேன்.”

“டீ வேணாம். அதை இறக்கணும். டிரம்முக்குள்ள நைட்ரஜன் போட்டுட்டாங்க.”

“நைட்ரஜன்னா நல்லதுதானே?”

அவள் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். மித்ஹத் தலையை ஆட்டினான், ஆனால் வாய் ரொட்டியை மென்றுகொண்டே இருந்தது. கடைசியில் அவளைச் சமாதானப்படுத்தலாம் என்று துறைமுகத் தீயணைப்பு அதிகாரிக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தான்.

“நைட்ரஜனா?” என்றார் அதிகாரி. “அல்ஹம்துலில்லாஹ். ஏதோ கசியுதுன்னு பயந்துட்டேன். நைட்ரஜன் இருக்கிற இடத்துல தீ எப்படிம்மா பிடிக்கும்? போய்த் தூங்கும்மா.” சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

இதுதான் கொடுமை. நெருப்பு என்று சொன்னால் ஊரே ஓடிவரும். நைட்ரஜன் என்று சொன்னால் கேட்கிறவர்களெல்லாம் கால் நீட்டி உட்கார்ந்துவிடுகிறார்கள். கசிகிறது என்று ஒரு பொய் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தாள். சொன்னால் இறக்குவார்கள், பார்ப்பார்கள், ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை என்று கண்டு மறுபடி ஏற்றிவிடுவார்கள். பிறகு அவள் பேச்சை நாய்கூட மதிக்காது. இரண்டு மணி, இரண்டேகால், இரண்டரை. வேறு இரண்டு பேருக்குப் போன் செய்து பார்த்தாள். அவர்களும் நைட்ரஜன் என்றதும் நிம்மதியாகிவிட்டார்கள். ஜன்னல் வழியே தெரிந்த கப்பலில் பாரந்தூக்கி கடைசி வரிசைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தது.

மித்ஹத்தின் மேசைமேல் சரக்கின் காகிதங்கள் கிடந்தன. மேலே இருந்தது அவள் கொடுத்த உறுதிமொழி. கீழே அவள் கையெழுத்து. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“மித்ஹத், இந்தக் கையெழுத்து இல்லன்னா பெட்டி கப்பல்ல இருக்கலாமா?”

“அதெப்படி இருக்கும்? இது இல்லாம ஆபத்தான சரக்கை வெச்சுக்கிட்டு நங்கூரம் எடுத்தா கேப்டன் கம்பிதான் எண்ணணும்.”

“அப்ப நான் என் கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கறேன்.”

மித்ஹத் ரொட்டியைக் கீழே வைத்தான். அந்த நாளில் முதல்முறையாக ஒரு ஆள் பயந்ததை அவள் பார்த்தாள். ரசாயனம் அவனுக்குப் புரியவில்லை, காகிதம் புரிந்தது. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினான்.

படிவத்தில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம். நிரப்பியவர் செய்த தவறு என்று எழுதலாம். அது பொய்யும் ஆகாது. அப்படி எழுதினால் பெகீத் நாளைக்கே வீட்டுக்குப் போவார், அவள் வேலை பிழைத்துக்கொள்ளும். பேனா கொஞ்ச நேரம் காகிதத்தின் மேலேயே நின்றது. பிறகு எழுதினாள்: ‘நிரப்பும் முறையை எழுதிக் கொடுத்தது நான். காற்று விட வேண்டும் என்ற வரியை நீக்கியதும் நான். இந்தச் சரக்கு கடலில் போகத் தகுதியானது என்று நான் தந்த உறுதியை ரத்து செய்கிறேன்.’

“இதை நான் அனுப்பிட்டா எங்க கம்பெனில இனி உங்க கையெழுத்து செல்லாது. தெரியுமில்ல?” என்றான் மித்ஹத்.

“தெரியும்.”

“வீட்டுல யாரையாவது ஒரு வார்த்தை கேட்டுட்டு…”

“மணி மூணேகால் ஆச்சு. அனுப்புங்க.”

அனுப்பிய பத்தாவது நிமிஷம் கேப்டனின் குரல் மித்ஹத்தின் மேசையில் இருந்த போனில் வெடித்தது. எந்தப் பொம்பளை அது, ஏற்றுகிற வரைக்கும் தூங்கிக்கொண்டிருந்தாளா, செங்கடலுக்குப் போகிற கால்வாயில் என் முறை தவறினால் அவள் அப்பனா வந்து இழுத்து விடுவான் என்று ஆங்கிலத்தில் கிழித்தார். பின்னாலிருந்து ஆட்கள் சிரிப்பது கேட்டது. மித்ஹத் ஒலியைக் குறைக்கப் போனான். வேண்டாம் என்று அவள் கையைக் காட்டினாள். திட்டட்டும். திட்டுகிறவர் உயிரோடு இருந்துதான் திட்டுகிறார்.

வேலி ஓரமாய் வெயிலில் நின்றாள். மேலே இருந்த மூன்று பெட்டிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. நடுவில் பாரந்தூக்கிக்காரர் தொழுகைக்குப் போய்வந்தார். ஆறே முக்காலுக்கு அந்தப் பச்சைப் பெட்டி தரையைத் தொட்டது. அங்கேயே ஒரு சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டாள். எட்டு மணிக்குக் கப்பல் கிளம்பிப் போனது.

வகீஹ் பே போனில் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “விடிஞ்சதும் நானே வந்து பெட்டியைத் திறப்பேன். எல்லா டிரம்மும் ஒழுங்கா இருந்துச்சுன்னா ஆபீஸ் சாவியை மேசைல வெச்சிட்டுக் கிளம்பிடு. உஸ்தாவும்தான்.”

பெட்டியைத் துறைமுகத்துக்கு வெளியே தனியாக ஒரு மைதானத்தில் வைத்திருந்தார்கள். காலை ஐந்தரைக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். நேற்று சிரித்த தீயணைப்பு அதிகாரி ஒரு வண்டியோடு வந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். ஷாஹிந்தா கேட்டுக்கொண்டபடி பெகீத் தொழிற்சாலையிலிருந்து இன்னொரு வகைக் காவல் மருந்தை, காற்று இல்லாமலே வேலை செய்கிறதை, கேனில் கொண்டுவந்திருந்தார். மனிதருக்கு ஒரே நாளில் முகம் சுருங்கிப்போயிருந்தது.

“நான் உனக்கு நல்லது பண்றேன்னு நெனச்சேம்மா,” என்றார்.

“தெரியும் உஸ்தா. அந்த வரியை அடிச்சது நான். உங்க மேல ஒண்ணும் இல்ல, எழுதியும் குடுத்துட்டேன்.”

கதவைத் திறந்தார்கள். இரண்டு ஆட்கள் டிரம்களைத் தள்ளுவண்டியில் ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்து வைக்க, ஷாஹிந்தா எட்ட நின்றே சூடு பார்க்கும் கருவியைக் காட்டினாள். இருபத்தெட்டு. இருபத்தெட்டு. இருபத்தொன்பது. பத்து டிரம், இருபது, முப்பது. எல்லாம் சாதுவாக நின்றன. வகீஹ் பே கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். அதிகாரி தன் ஆட்களிடம் குழாயைச் சுருட்டலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அவளுக்குள் என்ன ஓடியது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். தான் சொன்னது தப்பாகவே போகட்டும், எண்பதும் குளிர்ந்தே இருக்கட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தாள். வேலை போனால் போகட்டும். பைத்தியம் என்று சொன்னால் சொல்லட்டும்.

ஐம்பத்திரண்டாவது டிரம்மில் பெகீத் வழக்கம்போல உள்ளங்கையை வைத்தார். வெடுக்கென்று எடுத்தார். மறுபடி வைத்தார்.

“இங்க கொண்டாம்மா அதை.”

கருவி நாற்பத்தேழு காட்டியது.

“வெயில் பட்டிருக்கும்,” என்றார் வகீஹ் பே.

சூரியன் இன்னும் மதிலுக்கு மேலே வரவில்லை. டிரம்மின் மூடி லேசாக உப்பியிருந்தது.

“எல்லாரும் பின்னால போங்க,” என்றார் அதிகாரி. தூக்கம் போன இடம் தெரியவில்லை. “குழாயை நீட்டுடா. தண்ணியை விடு. மருந்து ஊத்தணும்னா மூடியைத் திறக்கணுமே, யாரு திறக்கப் போறது?”

“மூடினவன்,” என்றார் பெகீத்.

முகமூடியைப் போட்டுக்கொண்டு போனார். ஷாஹிந்தாவும் கேனைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். போகாதே என்று அவர் கையைக் காட்டினார், அவள் கேட்கவில்லை. டிரம்மின் மேல் தண்ணீர் அருவியாகக் கொட்டியது. பெகீத் மூடியைக் கால் திருப்பு திருப்பி நிறுத்தினார். புஸ்ஸென்று வாயு சீறி வந்தது. அடங்கும் வரை காத்திருந்து இன்னும் கால் திருப்பு. அவள் மருந்தை ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றி முடித்தாள். இரண்டு பேரும் ஓடி வந்து வண்டிக்குப் பின்னால் நின்றார்கள்.

நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்பது. ஐம்பது.

“ஏறுதே,” என்றார் வகீஹ் பே.

ஐம்பது. ஐம்பது. ஐம்பது. நாற்பத்தொன்பது. கால் மணி நேரம் கழித்து நாற்பத்தைந்து வந்ததும் பெகீத் அப்படியே தரையில் குந்தி, முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

பத்து மணிக்குள் மற்ற எழுபத்தொன்பதையும் திறந்து மருந்து ஊற்றிக் காற்று விட்டார்கள். வகீஹ் பே மன்னிப்பு என்ற வார்த்தைக்குப் பக்கத்திலேயே போகவில்லை. எல்லோருக்கும் டீ வாங்கிவரச் சொல்லி, அவளுக்கு மட்டும் தன் கையால் எடுத்துக் கொடுத்தார். “சாவி உன்கிட்டயே இருக்கட்டும்,” என்றார்.

அப்போதுதான் மித்ஹத் போன் செய்தான். தாமதத்துக்குக் காரணத்தைக் கேப்டன் எழுத்தில் கேட்கிறார், இல்லாவிட்டால் சண்டைக்கு வருவார் என்றான். ஷாஹிந்தா தண்ணீர் சொட்டுகிற உடுப்போடு நின்றபடியே எழுதினாள். ஐம்பத்திரண்டாவது டிரம், விடியற்காலை, நிழலில், நாற்பத்தேழு டிகிரி. மூடி உப்பியிருந்தது. மருந்து ஊற்றிய பின்னும் ஐம்பது வரை ஏறி அடங்கியது. அவ்வளவுதான்.

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. ‘கிடைத்தது. மூன்று பெட்டிகளுக்கு அடியில் அது பற்றியிருந்தால் எங்கள் தண்ணீர் அதன்மேல் விழுந்தே இருக்காது. நேற்று என் ஆட்கள் முன்னால் உங்களைக் கேவலமாகப் பேசினேன். இன்று அதே ஆட்களைக் கூட்டி நிறுத்தி உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். போர்ட் சயீதில், கால்வாய் வாசலில், முறைக்காக நிற்கிறோம். கப்பலில் இருபத்திரண்டு பேரும் நலம்.’

ஷாஹிந்தா வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணீர் நிற்கவில்லை.

“என்னம்மா, இன்னும் திட்டுறானா?” என்று கேட்டார் பெகீத்.

“இல்ல உஸ்தா.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இருபத்திரண்டு பேராம்.”